அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்

ஓர் அடைப்புக்குறிக்குள் எந்தச் சொல்லைப் போடுவது என்று பன்னிரண்டு நாள் யோசித்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் ஊரில் ஓர் அம்மா காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டை எழுதித் தரவேண்டும் என்று அவருடைய மூத்த மகள் வந்து கேட்டார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் நடுவில் முன்பு ஒரு கிடுகு வேலி, இப்போது மதில். ஊரில் யாருக்காவது கல்வெட்டு வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். எழுதுவதிலிருந்து அச்சகத்தில் போய்ப் பிழை திருத்துவது வரை பார்த்துக் கொடுப்பேன். அதனால் இதுவும் ஒரு கிழமையில் முடியும் என்றுதான் நினைத்தேன். அட்டைக்குப் படம் தந்தார்கள். சிவபுராணம் எந்தப் பக்கத்தில், நன்றி நவிலல் எந்தப் பக்கத்தில், திதி வெண்பாவுக்கு என்னைப் படிப்பித்த வாத்தியாரையே கேட்பது, எல்லாம் ஒரு பின்னேரத்தில் பேசி முடிந்தது. கடைசியில் வம்சாவளிப் பக்கத்துக்கு வந்தோம். அங்கே நின்றுவிட்டது.

அந்த அம்மாவுக்கு நாலு பிள்ளைகள். மூத்தவர் அக்கா, இலங்கை. அடுத்த மகன் கனடா. மூன்றாவது மகள் ஜேர்மனி. நாலாவது ஒரு மகன். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சாவகச்சேரிக்கும் அங்கிருந்து வன்னிக்கும் போன குடும்பம் அது. மற்றவர்கள் ஆறு மாதத்தில் திரும்பி வந்தபோது இவர்கள் வரவில்லை, மூத்த மகனும் இளைய மகளும் அங்கிருந்துதான் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். போர் முடிந்த 2009 மே 18ஆம் திகதி, முல்லைத்தீவு வட்டுவாகலில், தாயும் அக்காவும் பார்த்துக்கொண்டு நிற்க, இருபத்துநாலு வயதுக் கடைசி மகன் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் வரிசையில் போய் நின்றான். பிறகு ஒரு தகவலும் இல்லை. தாயும் மகளும் செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு அடுத்த வருடம் ஊருக்கு வந்தார்கள்.

எங்கள் மரண அறிவித்தல்களில் ஒரு மனிதருக்கு இரண்டு நிலைதான் உண்டு. பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும், இல்லாவிட்டால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அவர் இருக்கும் நாடு வரும். 'காலஞ்சென்ற இன்னார், இன்னார் (கனடா), இன்னார் (பிரான்ஸ்) ஆகியோரின் பாசமிகு தாயாரும்' என்று அந்த வசனம் நீண்டுகொண்டு போகும். முற்றுப்புள்ளி வருவதற்குள் ஒரு குடும்பத்தின் நாற்பது வருடம் அதில் வந்துவிடும். யார் எப்போது கடல் கடந்தார், யார் இங்கேயே நின்றார், எந்த மருமகன் எந்த ஊர், அறிவித்தலை வாசிக்கத் தெரிந்தவருக்கு எல்லாம் தெரியும். இந்த நாலாவது பெயருக்கு முன்னாலும் ஒன்றும் போட முடியாது, பின்னாலும் ஒன்றும் போட முடியாது. மூன்று பேரையும் எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. 'அதைப் பிறகு பாப்பம் தம்பி' என்று எழும்பிப் போனார்.

கல்வெட்டு என்கிற எழுத்து

இலக்கியம் எழுதுகிற என் நண்பர்களுக்கு நான் கல்வெட்டு எழுதுவதில் அவ்வளவு விருப்பம் இல்லை. சிறுகதை எழுதுகிறவன் ஏன் இதில் நேரத்தைச் செலவழிக்கிறான் என்று கேட்பார்கள். எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் உண்டு. யாழ்ப்பாணத்தில் மிக அதிகம் பேர் கைவைத்திருக்கிற எழுத்து கல்வெட்டுதான். ஒரு கவிதைத் தொகுதியை முந்நூறு பிரதி அடித்து, வெளியீட்டு விழா வைத்து, பாதியை வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறோம். கல்வெட்டு ஐந்நூறு அடித்தால் ஐந்நூறும் மதியச் சாப்பாட்டோடு வீட்டுக்கு வீடு போய்விடும். எழுத்தே தனக்கு வராது என்று சொல்லும் மருமகள்கூட 'மாமி எனக்குக் குழல் பிட்டு அவிக்கப் பழக்கினவ' என்று ஒரு வரி எழுதித் தருவார். அந்த ஒரு வரி நான் எழுதும் மூன்று பக்க வாழ்க்கை வரலாற்றை விட நன்றாக இருக்கும், அதைத் திருத்தாமல் அப்படியே போடவேண்டும் என்பது நான் பழகிக்கொண்ட பாடம். இணையத்தில் நூலகம் தளம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வருகிறது, அதில் இந்த நினைவு மலர்களும் இருக்கின்றன. பழைய கல்வெட்டு ஒன்றைத் திறந்து பார்த்தால் அந்தக் காலத்து ஊர், தொழில், யார் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார், யார் எந்த மடத்துக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார், எல்லாம் வெண்பாவிலும் புலம்பலிலும் கிடக்கும். இதையெல்லாம் எந்தச் செய்தித்தாளும் எழுதி வைக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. படிப்பிக்க வருவதற்கு முன் நாலு வருடம் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராக வேலை செய்தேன். 2005இல் சேர்ந்து 2009இல் விலகினேன். அந்த நாலு வருடம் எந்த நாலு வருடம் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

முதற்பக்கமும் கடைசிப் பக்கமும்

2006 ஆகஸ்ட்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை பூட்டப்பட்ட பிறகு தாள் வருவது நின்றது. பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்த ஊர் இது, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்தி வரிக்குப் பின்னால் நீலக் கோடு தெரிவதைப் பார்த்து வாசித்திருக்கிறேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து அப்பா இரவில் பிபிசி தமிழோசை கேட்பார். சுற்றுவதை நிறுத்தினால் செய்தி பாதியில் செத்துப்போகும். ஆகவே தாள் இல்லாமல் பத்திரிகை நடத்துவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் 2006இல் பக்கங்கள் குறையக் குறைய நான் ஒன்றைக் கவனித்தேன். சினிமாப் பக்கம் போனது, சிறுவர் பக்கம் போனது, கதை கவிதை போனது, மரண அறிவித்தல் போகவில்லை.

அப்போது ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு தரம் படி திருத்துவேன். முதற்பக்கத்தில், 'இனந்தெரியாத ஆயுததாரிகளால் நேற்று மாலை சுட்டுக்கொல்லப்பட்டார்.' கடைசிப் பக்கத்தில், 'அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் ஆவார். அகால மரணமடைந்தார்.' முதற்பக்கச் செய்தியில் கொன்றவன் இல்லை. எழுத முடியாது, எல்லாருக்கும் தெரியும், எழுதாததற்காக நான் ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். 2000 ஒக்டோபர் 19இல் பத்திரிகையாளர் நிமலராஜனை ஊரடங்கு நேரத்தில் அவருடைய வீட்டுக்குள்ளேயே வைத்துக் கொன்றார்கள், 2006 மே 2இல் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் செத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வசனத்துக்கு எழுவாய் வைப்பது உயிரோடு விளையாடுவது. ஆனால் செய்தியில் கொன்றவன் மட்டும் இல்லாமல் போகவில்லை, செத்தவரும் இல்லை. பெயர், வயது, இடம், அவ்வளவுதான். நாளைக்கு இன்னொரு பெயர், இன்னொரு வயது, இன்னொரு இடம். சில நாள் நேற்றைய செய்தியையே எடுத்துப் பெயரையும் சந்தியையும் மாற்றித் தட்டச்சு செய்து அனுப்பியிருப்பார்கள், வேலை நெருக்கடி, 'நேற்று' என்ற சொல்லின் கிழமை பிழையாக இருக்கும், அதைத் திருத்துவதுதான் என் வேலை. கடைசிப் பக்கத்துக்கு வந்தால் அந்த மனிதர் முழுதாக இருப்பார். யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளை, எந்தப் பாடசாலையின் பழைய மாணவர்.

பயம் போன பிறகும் அந்த வசனம் எங்கள் கையை விட்டுப் போகவில்லை. என் சிறுகதைகளை எடுத்துப் பார்க்கிறேன். 'அவன் கொண்டுபோகப்பட்டான்', 'வீடு எரிக்கப்பட்டது', 'கதவு தட்டப்பட்டது.' கதவைத் தட்டியவனின் கையைக்கூட எழுதத் துணியாத கதை. நான் மட்டும் இல்லை, என் வயதுக்காரர் நிறையப் பேர் இப்படித்தான் எழுதுகிறோம், அது ஒரு நடை என்றுகூட நினைத்துக்கொள்கிறோம்.

'போன', 'ஆக்கப்பட்ட'

அதனால்தான் 'காணாமல் போனோர்' என்ற சொல் எனக்குப் பிடிக்காது. போனவர்கள் தாங்களாகப் போனதுபோல ஒரு தொனி அதில் உண்டு, திருவிழாவில் பிள்ளை காணாமல் போவதுபோல. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றால் ஆக்கியவன் பெயர் இல்லாவிட்டாலும் ஒருவன் இருக்கிறான் என்பது தெரியும். 2016இல் சட்டம் நிறைவேற்றி அரசாங்கம் அமைத்த நிறுவனத்தின் பெயர் இன்றும் 'காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'தான். 2018இல் சர்வதேச சமவாயத்துக்காகக் கொண்டுவந்த சட்டத்தில்தான் 'வலிந்து காணாமலாக்கப்படுதல்' என்று வந்தது. அந்தச் சொல்லைச் சும்மா ஒருவரும் தரவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் போராட்டப் பந்தல் போட்டு இருந்த தாய்மார், நாலு நாள் கழித்து வவுனியாவில் இருந்தவர்கள், வெயிலிலும் மழையிலும் இருந்து இருந்தே அந்தச் சொல்லைச் செய்திக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தார்கள். காலமான இந்த அம்மாவும் கிளிநொச்சிக்குப் பல தடவை பஸ் ஏறிப் போனவர். மகனின் படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு, சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார்.

இவ்வளவும் மனதில் இருந்ததால், நான் ஒரு முடிவோடுதான் இருந்தேன். நாலாவது பெயருக்குப் பின்னால் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று முழுதாக வரவேண்டும். அடைப்புக்குறிக்குள் இல்லை, வெளியில், தடித்த எழுத்தில்.

குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் வேறு கதை நடந்தது. கனடாத் தம்பி 'காலஞ்சென்ற' என்று போடச் சொன்னார். பதினாறு வருடம், இனியாவது அவனுக்கு ஒரு திவசம் செய்வோம், அம்மாவும் போய்விட்டா, காணி உறுதியிலும் சிக்கல் வராது என்றார். அவர் சொன்னதில் கல்மனம் இல்லை. சொல்லும்போது அழுதார் என்று அக்கா சொன்னார். ஜேர்மனித் தங்கை ஒன்றும் எழுதாமல் பெயரை மட்டும் போடலாமே என்றார். மரணச் சான்றிதழ் எடுங்கள், நட்டஈடு வரும் என்று அந்த வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்து சொன்னார்கள். அம்மா கடைசி வரைக்கும் எடுக்கவில்லை.

இதற்குள் ஓர் அரசியல்வாதியின் அலுவலகத்திலிருந்து இரங்கலுரை வந்தது, கல்வெட்டில் போடச் சொல்லி. ஒரு பக்கத்தில் அம்மாவின் பெயர் ஒரு தடவை, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' நாலு தடவை. 2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்றைத் தெற்குக் கட்சியான தேசிய மக்கள் சக்தி எடுத்த பிறகு எங்கள் ஊரில் வாயைத் திறந்தால் அரசியல்தான். தேநீர்க் கடையிலும் சலூனிலும் மரண வீட்டிலும் இதே கதை. மக்கள் ஏன் மாறினார்கள் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நானும் வாசித்தேன், நானும் வாதாடினேன். இரங்கலுரையை மறுபடி வாசித்தபோது எனக்கு வேறொன்று பட்டது. காணி விடுவிப்பு, அரசியல் கைதிகள், காணாமல் ஆக்கப்பட்டோர். தோற்றவர் மேடையிலும் வென்றவர் மேடையிலும் இந்த மூன்றும் இதே ஒழுங்கில்தான் வருகின்றன, தேவாரம் பாடுவதுபோல. தாய்மார் அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த சொல், சரியான சொல், ஒரு தலைப்பாகத் தேய்ந்துபோய்க் கிடக்கிறது. அப்போதும் நான் என் முடிவை மாற்றவில்லை. தேய்ந்தாலும் சரியான சொல் அதுதானே என்றே நினைத்தேன்.

விறாந்தையில்

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா விறாந்தையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வம்சாவளிப் பக்கத்தை எடுத்தார். நான் அச்சகத்தில் சொல்லி 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

'இது வேண்டாம் தம்பி.'

ஏனக்கா என்றேன். நான் படித்ததெல்லாம் சொன்னேன். போனதற்கும் ஆக்கப்பட்டதற்கும் உள்ள வித்தியாசம், 2018 சட்டம், சரித்திரத்தில் பதிவாக வேண்டும், நாளைக்கு யாரோ ஒருவர் இந்தக் கல்வெட்டை எடுத்துப் பார்ப்பார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

'எனக்கு விளங்குது. அந்தப் பதாகையை நானும் பிடிச்சனான்தானே. அது பந்தலுக்குச் சரி. இது அம்மான்ர புத்தகம். இதில எல்லாருக்கும் இருக்கிற இடம்தானே போட்டிருக்கிறாய்? பெரியவனுக்குக் கனடா, சின்னவளுக்கு ஜேர்மனி. இவனுக்கும் இடத்தைப் போடு.'

எந்த இடத்தை அக்கா?

'வட்டுவாகல்.'

எனக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. அவர் என்னுடைய சிவப்புப் பேனையை வாங்கி, நான் போட்டிருந்த மூன்று சொற்களையும் ஒரே கோட்டில் வெட்டி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, உள்ளே எழுதினார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், எழுத்து உருண்டை உருண்டையாக இருந்தது. 'ல்' மேல் புள்ளியை இரண்டு தரம் அழுத்தி வைத்தார். 'நாங்கள் அவனை ஆமியிட்டைக் குடுத்தது அங்கைதான். அம்மாவும் நானும் கண்ணால கண்டது அவ்வளவுதான். அதுக்குப் பிறகு எங்களுக்கு ஒண்டும் தெரியாது. தெரியாததை ஏன் எழுதுவான்?'

தெரியாதவர்கள் வாசித்தால் அவன் அங்கே குடியிருக்கிறான் என்றல்லவா நினைப்பார்கள் என்று கேட்டேன்.

'நினைக்கட்டுமே. நினைச்சு ஆரும் போய்ப் பாத்தா நல்லதுதானே.'

அவர் சுளகைத் திரும்ப மடியில் எடுத்துக்கொண்டார். நான் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனடா, ஜேர்மனி, வட்டுவாகல். எனக்குத் தெரிந்த வட்டுவாகல் செய்திகளில் வரும் ஊர், நந்திக்கடலுக்குக் குறுக்கே ஒரு பாலம், மே மாதத்தில் எல்லாரும் எழுதும் ஒரு சொல். ஓர் அம்மாவின் பிள்ளைகளின் வரிசையில், மற்ற இரண்டு நாடுகளுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் இருக்கும் விலாசமாக அதை நான் ஒருநாளும் வாசித்ததில்லை. இறந்தவன் என்று அது சொல்லவில்லை. போய்விட்டான் என்றும் சொல்லவில்லை. எங்கே கொடுத்தோமோ அங்கே இருக்கிறான், கொடுத்த இடத்தில் போய்க் கேள் என்கிறது. நான் வேண்டுமென்று சண்டை பிடித்த எழுவாய் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கிறது. அன்றைக்கு அந்த இடத்தில் யார் நின்றார்கள், யாரிடம் கொடுத்தார்கள் என்று இந்த நாட்டில் தெரியாத ஆள் யார்?

செய்தி எழுதுகிறவர்கள் 'ஆக்கப்பட்டோர்' என்றுதான் எழுதவேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை, அதை யாரோடும் வாதாடுவேன். ஆனால் சரியான சொல் என் கையில் இருக்கிறது என்பதற்காக, இன்னொருவரின் தாயைப் பற்றிய பக்கத்தில் கேளாமல் அதை அச்சடித்துக்கொண்டு போனேனே, அதைத்தான் அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டு கிடந்தேன். மருமகள் எழுதும் ஒரு வரியைத் திருத்தக்கூடாது என்று தெரிந்தவன், மகளிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

கனடாத் தம்பி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார், இரண்டு நாள் பதில் இல்லை, மூன்றாம் நாள் 'சரி அக்கா' என்று மட்டும் எழுதினார். அந்தியேட்டியன்று விடியக் கீரிமலைக்குப் போய் வந்து, வீட்டுக்கிருத்தியம் முடிந்து, பந்தலில் கல்வெட்டைக் கொடுத்தோம். அரசியல்வாதியின் இரங்கலுரைக்கு இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டோம். சிலர் வழக்கம்போல வாங்கியதும் கடைசிப் பக்கத்து நன்றி நவிலலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சிலர் வம்சாவளியைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரும் என்னிடம் வந்து அது என்ன என்று கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் மனைவியின் கல்வெட்டுக்காக வந்தார். பிள்ளைகளின் பெயர்களைக் கொப்பித் தாளில் நீலப் பேனையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஐந்து பேர். லண்டன், இலங்கை, இலங்கை, அவுஸ்திரேலியா. ஐந்தாவது மகளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'ஓமந்தை' என்று இருந்தது.

'இப்பிடிப் போடலாம்தானே மாஸ்ரர்?' என்று கேட்டார்.

போடலாம் ஐயா, நீங்கள் எழுதினபடியே போடுவம் என்றேன்.